“சும்மா கதைக்க வாங்க” என்று கூப்பிட்டால்

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி, சட்டத்தரணியான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 31. ஊர், கோயில், பொலிஸ் நிலையம் எல்லாவற்றின் பெயரையும் எடுத்துவிட்டேன். ஆறு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

அவர் முன்பள்ளி ஆசிரியை, ஊர் மாதர் சங்கத்தின் செயலாளர். 2009 மே மாதம் வட்டுவாகலில் அண்ணனைப் படையினரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த குடும்பம். அம்மா இன்றைக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கும் போராட்டப் பந்தலுக்குப் போய்வருகிறவர். 2025 மே 15ஆம் திகதி, கோயில் வளவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, ரோட்டால் போனவர்களுக்குச் சிரட்டையில் வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். சிவிலில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுத்துப் போனார்கள். 17ஆம் திகதி பின்னேரம் பொலிஸார் வீட்டுக்கு வந்து சிங்களத்தில் அடித்த ஒரு கடதாசியைக் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்கினார்கள். பயத்தில், நினைவு நாளான 18ஆம் திகதி அவர் வெளியே இறங்கவில்லை. 19ஆம் திகதி தொலைபேசி வந்தது: “நாளண்டைக்கு ஆபீசுக்கு வாங்க. சும்மா கொஞ்சம் கதைக்க.”

21ஆம் திகதி கணவரோடு போனார். கணவரை வெளியே மரத்தடியில் இருத்திவிட்டு, இவரை நாலு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். போனை வாங்கி வட்சப்பைப் பார்த்தார்கள். சிங்களத்தில் எழுதிய மூன்று பக்கங்களில் கையெழுத்து வைத்திருக்கிறார். அரிசி, தேங்காய் தந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி வரவேண்டும், திகதியைப் பிறகு சொல்வோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள் செலவுக்கென்று 15,000 ரூபா அனுப்பியிருந்தார். அதுதான் இப்போது பெரிய பயம்.

கணவர் சொல்கிறாராம்: “பேஸ்புக் படத்தை அழி. சங்கத்தை விடு. பட்டியலைக் குடுத்திட்டு வா. இந்த அரசாங்கத்துக்கு நாங்களும்தானே வோட்டுப் போட்டனாங்கள், இனி என்ன? அதோட, எங்களுக்கு எப்ப ஜனநாயகம் இருந்தது, இப்ப அதைக் காப்பாத்த?”

தங்கச்சி, இது அச்சாகும்வரை காத்திருக்காமல் பதிலை உங்களுக்கு முன்னமே அனுப்பிவிட்டேன். இதே தொலைபேசி அழைப்பு வேறு பல வீடுகளுக்கும் வருவதால்தான் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் நாட்கணக்கு. “எல்லாம் அடங்கட்டும், பிறகு பார்ப்போம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருந்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். உங்களை விசாரித்தது மே 21. நீங்கள் எனக்கு எழுதியது ஜூன் 4. இரண்டு கிழமை ஏற்கனவே போய்விட்டது. கொழும்பு புதுக்கடைக்குப் போய் வழக்குப் போடுகிற நிலையில் நீங்கள் இல்லை என்பது தெரியும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. ஜூன் 17க்கு முன்னம் போய்க் கொடுங்கள். கடதாசி தந்த நாளிலிருந்து எண்ணினாலும் அது காலத்துக்குள் வரும். கொடுத்தாயிற்று என்று அதோடு விட்டுவிடவும் வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தோடு, விசாரணை நடக்கிறது என்று காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். அந்தக் கடிதம் கையில் இல்லாதபடியால் உயர் நீதிமன்றத்தில் கால எல்லைத் தடையில் மாட்டுகிறவர்கள் உண்டு.

கஞ்சி காய்ச்சியது குற்றமா?

இல்லை. கஞ்சி காய்ச்சக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. செத்தவர்களை நினைத்து விளக்குக் கொளுத்துவதும் கஞ்சி வார்ப்பதும் மனச்சாட்சியின் பாற்பட்டவை. மனச்சாட்சிச் சுதந்திரம் 10ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நமது அரசியலமைப்பில் பல உரிமைகளுக்குத் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று 15ஆம் உறுப்புரை மட்டுப்பாடு வைக்கிறது. 10ஆம் உறுப்புரைக்கும், சித்திரவதையைத் தடைசெய்யும் 11ஆம் உறுப்புரைக்கும் அந்த மட்டுப்பாடு இல்லை. அவற்றில் கைவைப்பதென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு கிடைத்தாலும் போதாது, மக்களிடம் சர்வசன வாக்கெடுப்புக்கு வரவேண்டும். கோயில் வளவில் கூடியதற்கும், போகிறவர்களோடு அதைப் பற்றிக் கதைத்ததற்கும் 14ஆம் உறுப்புரை இருக்கிறது.

சட்டத்தில் இப்படி இருந்தும் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். 2024 மே மாதம், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்த பெண்களைக் கைதுசெய்தார்கள். அதே வருடம் மார்ச் 8, சிவராத்திரி இரவு, வெடுக்குநாறி மலையில் ஆதிசிவனைக் கும்பிடப் போனவர்களில் எட்டுப் பேரைப் பிடித்தார்கள். 19ஆம் திகதி வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விடுவித்ததைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். ஆனால் அந்தப் பதினொரு நாளும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். பிழை செய்யாதவனுக்கு என்ன பயம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், இந்தப் பதினொரு நாளை நினைவில் வையுங்கள். பயப்படுவதற்கு உங்களுக்குக் காரணம் இருக்கிறது, அதைப் பற்றி வெட்கப்படவேண்டாம்.

ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கைச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. அதன் கொடி, சின்னம், சீருடைப் படம், தலைவர் படம் இவற்றில் ஏதாவது உங்கள் பேஸ்புக்கில் இருந்தால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பதற்கு அது அவர்களுக்குச் சாட்டாகும். 2024 நவம்பரில், இறந்த புலிகளை நினைக்கும் மாவீரர் நாளையொட்டிச் சிலரைப் பிடித்ததும் இப்படியான பதிவுகளை வைத்துத்தான். இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. நிலைமை இது என்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய பதினான்கு படங்களையும் பார்த்தேன். கிடாரம், அகப்பை, சிரட்டை, வரிசையில் நிற்கும் பிள்ளைகள். வேறொன்றும் இல்லை. ஆகவே அவற்றை அழிக்கவேண்டாம். விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகு அழித்தால் எதையோ ஒளிக்கிறீர்கள் என்று ஆகும். அது மட்டுமில்லை, அன்றைக்கு அங்கே நடந்தது என்ன என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தப் படங்கள்தான். மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைத்து வைப்பதென்றால் வைக்கலாம்.

அந்தச் சிங்களக் கடதாசி

மே 18க்கும் மாவீரர் நாளான நவம்பர் 27க்கும் முன்னால் பொலிஸார் நீதிமன்றத்துக்குப் போய், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் தடை உத்தரவு கேட்பது வழக்கமாகிவிட்டது. பொதுத் தொல்லையைத் தடுக்க வைத்த பிரிவு அது. சில நீதவான்கள் கொடுத்திருக்கிறார்கள், சிலர் மறுத்திருக்கிறார்கள். கொடுத்த கட்டளையை மாற்றும்படியோ நீக்கும்படியோ அதே நீதிமன்றத்தில் கேட்கவும் முடியும். இது பலருக்குத் தெரியாது. தடை என்றதும் வீட்டுக்குள் போய்விடுகிறோம்.

உங்களுடையது அப்படியான கட்டளைதானா என்பதே எனக்குச் சந்தேகம். வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்றத்தின் மொழியும் தமிழ். இதை அரசியலமைப்பின் 22ஆம், 24ஆம் உறுப்புரைகள் சொல்கின்றன. முல்லைத்தீவில் ஒரு நீதவான் கட்டளை போட்டால் அது தமிழில் இருக்கவேண்டும், வழக்கிலக்கம் இருக்கவேண்டும், நீதிமன்ற முத்திரை இருக்கவேண்டும். நீங்கள் போனில் எடுத்து அனுப்பிய படத்தில் வழக்கிலக்கம் தெரியவில்லை. அடியில் தெரிவது பொலிஸ் முத்திரை. அது பொலிஸ் அறிவித்தல் மட்டும் என்றால், அதை நீதிமன்றக் கட்டளையின் இடத்தில் வைத்துப் பயப்படத் தேவையில்லை. உண்மையில் கட்டளை இருந்தால் நீதிமன்றப் பதிவாளரிடம் அதன் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்கலாம். கட்டளையே என்றாலும், 17ஆம் திகதி பின்னேரம் கையில் தந்த கடதாசி 15ஆம் திகதி காய்ச்சிய கஞ்சியைக் குற்றமாக்காது.

அன்று மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்று கேட்டதற்கு, “தமிழ் கதைக்கிற ஒரு பெடியன் இடைக்கிடை சொன்னவன்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு இருந்தது. விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும். வாசிக்கத் தெரியாத மூன்று பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன், இனி நீதிமன்றம் போகமுடியாதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். யார் சொன்னார்களோ, அது பிழை. போகலாம். சிங்களம் வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டவுமில்லை என்பதை முறைப்பாட்டிலேயே முதல் வரியாக எழுதுங்கள். சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுதான் அதற்கு விலக்கு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்டவர் எடுத்தால் அது சாட்சியமாகும். எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கையைத் தின்ற பிரிவு அது. ஆகவே அன்று உங்களிடம் எழுதி எடுத்தவர் யார், என்ன தரம் என்பது முக்கியம். பெயர் தெரியாவிட்டால், ஆளைப் பார்த்தால் தெரியும் என்றாவது எழுதி வையுங்கள்.

மறுபடி கூப்பிட்டால்

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பட்டியலோடு போவது, போகாமல் விடுவது, சட்டத்தரணியோடு போவது. போகாமல் விடுவதை நான் சொல்லமாட்டேன். தலைமறைவு என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் பிறகு நாங்கள் பிணைக்கு ஓடவேண்டும். பட்டியலோடு போவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். போவதற்கு முன்னம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வாயால் வரும் கட்டளையை எழுத்தில் கேளுங்கள். “வருகிறேன் ஐயா, எதைப் பற்றிய விசாரணை, எந்தச் சட்டத்தின்கீழ், எந்த அதிகாரி முன் என்று ஒரு கடிதம் தாருங்கள்.” கோபமாகச் சொல்லவேண்டாம். சாதாரணமாகச் சொன்னால் போதும். பொலிஸ் பொறுப்பதிகாரி ஒருவரை விசாரணைக்கு எழுத்து மூலம் அழைப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கதைக்க வாங்க என்று போனில் சொல்வதற்கு அப்படியான பிரிவு எதுவும் எனக்குத் தெரியாது.

வன்னியில் 2009க்குப் பிறகு அதிகாரம் நடந்துவந்த விதத்தைப் பார்த்தீர்களானால், பெரும்பகுதி இப்படித்தான். தொலைபேசி அழைப்பு, படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள், ஜீஎஸ்ஸிடம் (கிராம சேவையாளரிடம்) உங்களைப் பற்றி விசாரித்த ஒரு கதை. ஒன்றுக்கும் கடதாசி இருக்காது. நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்டால் அப்படி யாரும் கூப்பிடவில்லை என்று முடித்துவிடலாம். பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைக்கிற அதிகாரி பத்துத் தரம் யோசிப்பார். எனது கட்சிக்காரர் ஒருவரை நாலு தரம் போனில் கூப்பிட்டு அலைக்கழித்தார்கள். எந்தச் சட்டத்தின்கீழ் என்று நான் எழுத்தில் கேட்டேன். அதோடு அழைப்பு நின்றுவிட்டது. இன்னொருவர் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை, இரண்டு நாளில் எழுத்திலேயே அழைப்பு வந்தது. அவரும் நானும் போனோம். இரண்டாவது ஆளுக்கும் அது நல்லதாகவே முடிந்தது, ஏனென்றால் அவர் எங்கே, எப்போது, யாரிடம் போனார் என்பது பதிவில் இருந்தது.

சட்டத்தரணியோடு போனால் குற்றவாளி மாதிரித் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியாது. கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வருவதை ஏற்று 2012இல் விதிகளே வெளியிட்டிருக்கிறார்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகிற அன்று அம்மாவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள். உங்களையே குற்றத்தில் மாட்டும் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. போனைக் கேட்டால் எந்த அதிகாரத்தின்கீழ் என்று கேளுங்கள், எடுத்து வைத்தால் ரசீது கேளுங்கள்.

கைதுசெய்கிறோம் என்றால் காரணத்தைச் சொல்லவேண்டும். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோகவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் என்றால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டார் காத்திருக்காமல் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு உடனே சொல்லவேண்டும். அந்த இலக்கத்தைக் கணவரின் போனிலும் போட்டு வையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் “தற்காலிக ஏற்பாடுகள்” என்று இருக்கிறது. 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகும் பன்னிரண்டு மாதம்வரை தடுப்புக் காவலில் வைக்க முடியும். நீக்குவோம் என்று சொல்லித்தான் இப்போதைய அரசும் வந்தது.

பட்டியலுக்கு வருவோம். அதைக் கொடுக்கவேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்டால் பதில் சொல்வது ஒன்று, அயலட்டையின் பெயரை நீங்களே எழுதி ஒப்படைப்பது வேறொன்று. ஒரு சுண்டு அரிசி தந்த கிழவியின் வீட்டுக்கு நாளைக்கு மோட்டார் சைக்கிள் போகும். அடுத்த மே மாதம் உங்கள் கிடாரத்துக்கு ஒருவரும் அரிசி தரமாட்டார்கள். ஊரில் ஒருவரை ஒருவர் நம்பாமல் போனால் சங்கம் தானாகக் கலைந்துவிடும், தடைகூடத் தேவைப்படாது. வற்புறுத்திக் கேட்டால், “எழுத்தில் கேளுங்கள், எனது சட்டத்தரணி பதில் தருவார்” என்று சொல்லுங்கள்.

மச்சாளின் 15,000 ரூபா கொஞ்சம் கவனமான விஷயம். சொந்தக்காரர் பணம் அனுப்புவது குற்றமில்லை. ஆனால் 2014 முதல் வெளிநாட்டுத் தமிழ் அமைப்புகள் சிலவற்றையும் ஆட்கள் சிலரையும் அரசு வர்த்தமானியில் தடைப்பட்டியலில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு வந்திருக்கிறது. மச்சாள் தன் சம்பளத்தில் அனுப்பினாரா, ஏதாவது அமைப்பு சேர்த்த காசா என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள். வங்கி ரசீதையும், அரிசி வாங்கிய கடையின் பில்லையும் சேர்த்து வையுங்கள். இனிமேல் இப்படியான செலவை ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கோபிக்கக்கூடாது, விசாரணைக்குப் போவது இங்கே இருப்பவர்கள்.

உங்கள் கணவர் கேட்டது

அவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். மரத்தடியில் நாலு மணித்தியாலம் நின்ற மனிசன் அவர். அவருடைய கேள்வியை நானும் கனகாலம் கேட்டுக்கொண்டிருந்தவன். எங்களுக்கு எப்போது ஜனநாயகம் இருந்தது? 2009க்குப் பிறகு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னம் வன்னிக்குள் இயக்கத்தை எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடிந்ததா? போருக்கு வீட்டுக்கொரு பிள்ளை என்று கேட்டு வந்தபோது, பிள்ளையைப் பரணில் ஒளித்துவைத்த தாய்மாரை நான் அறிவேன். அவர்கள் முறைப்பாடு கொடுக்க ஒரு இடம் இருந்ததா? இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே கோபிப்பார்கள். ஆனால் பேச்சுரிமை வேண்டும் என்று கேட்கிற நாங்கள், எங்கள் பக்கம் அது இல்லாமல் இருந்த காலத்தை மறைத்துவிட்டுக் கேட்க முடியாது. உங்கள் கணவர் இரண்டு காலத்திலும் வாய்மூடி வாழப் பழகியவர். அதனால்தான் வாய்மூடுவதை அவர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்.

வோட்டுப் போட்டோம், இனி என்ன என்பதில்தான் எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு. 2024 நவம்பரில் இந்த அரசுக்கு 159 ஆசனம் கிடைத்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் இரண்டு. யாருக்கு வோட்டுப் போட்டீர்கள் என்று நான் கேட்கமாட்டேன், நம்பிக்கையோடு போட்டிருப்பீர்கள். ஆனால் இந்த நாட்டில் சர்வாதிகாரத்துக்கான கதவைத் துப்பாக்கி மட்டும் திறக்கவில்லை. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தல் வைக்காமல் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை வைத்தே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார்கள். 2020இல் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்ததும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு கையுயர்த்தித்தான். நல்லவர் வந்தால் சரியாகிவிடும், கடுமையான ஒருவர் வந்தால் நாடு திருந்தும் என்று காத்திருந்ததன் விலையைத் தெற்குச் சனம் 2022இல் காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று கொடுத்தது. உங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தவர் போன ஆட்சியிலும் அதே நாற்காலியில் இருந்தவராக இருக்கலாம். தேர்தலில் மாறுவது அமைச்சர்கள். அந்த நாற்காலியைக் கேள்வி கேட்பதற்கு வேறு வழிகள் வேண்டும்.

அப்படி ஒரு வழியை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு ஜனாதிபதி பிரதமரைத் தூக்கினார். நவம்பர் 9 பாராளுமன்றத்தைக் கலைத்தார். இராணுவம் தெருவுக்கு வரவில்லை, வர்த்தமானியில் நாலு வரிதான். அதை எதிர்த்துப் போன மனுக்களில் முதற்பெயராக வழக்கறிக்கைகளில் நிற்பது “சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்”. டிசம்பர் 13, ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைத்தது செல்லாது என்றார்கள். அந்த மனு எந்த உறுப்புரையின்கீழ் போனது தெரியுமா? உங்களுக்கு நான் மேலே சொன்ன அதே 126. நாட்டின் ஜனாதிபதியை நிறுத்திய அதே கதவுதான் முன்பள்ளி ஆசிரியைக்கும் திறந்திருக்கிறது. எல்லோருக்கும் அது நியாயம் தந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்கள் தட்டிய பல தடவை அது திறக்கவே இல்லை. ஆனால் தட்டியவர்களால்தான் அது இன்னும் கதவாக இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. 2022 ஆகஸ்டில் தெற்கு மாணவர் தலைவர்கள் மூவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். நாற்பது வருடமாகத் தமிழர் சொன்னது சிங்களத் தாய்மாருக்கும் அப்போது விளங்கியது. அடுத்த மாதம் காங்கேசன்துறையில் தொடங்கி அம்பாந்தோட்டைவரை அந்தச் சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அம்பாந்தோட்டையில் கையெழுத்து வைத்தவருக்கு வட்டுவாகல் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்காது. அப்படியும் வைத்தார்.

முறைப்பாடு செய்தால் இன்னும் கூடிப்போகாதா?

கூடலாம். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு கிழமை மோட்டார் சைக்கிள் அடிக்கடி வரலாம். முன்பள்ளியில் யாராவது கதைவிடலாம். உங்கள் சம்பளம் ஒரு அரச திணைக்களத்திலிருந்து வருவதால் அந்தப் பயம் நியாயமானது. வேலையில் கைவைத்தால் அது தனி மீறல், சமத்துவத்துக்கான 12ஆம் உறுப்புரை, அதற்குத் தனியாக ஒரு மாதம். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வெட்டுப்படும் என்ற பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் வருவது. வீட்டு வருமானம், சொத்து, வீட்டில் இருப்பவர்கள் என்று பார்த்துக் கொடுப்பது. கஞ்சி காய்ச்சினீர்களா என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. வெட்டினால் மேன்முறையீடு இருக்கிறது.

சங்கத்தை விடுவதா என்பதை நீங்களும் கணவரும் அந்தப் பெண்களும் இருந்து கதைத்து முடிவெடுங்கள். நான் சொல்வது ஒன்றுதான். தனியாக முறைப்பாடு கொடுக்காதீர்கள். அன்று கிடாரத்தடியில் நின்றவர்களில் விரும்புகிற நாலு பேர் சேர்ந்து போனால், இந்தப் பெண் ஒருத்திதான் பிரச்சினை என்று காட்டுவது கஷ்டம். விரும்பாதவரை வற்புறுத்தவேண்டாம்.

கடதாசி சேர்ப்பது எப்படி என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். போன மாதம் அம்மாவைப் போல ஒருவர் என் மேசையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்தார். லமினேட் பண்ணின மகனின் படம் மேலே. கீழே செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, 2014இல் கிளிநொச்சிக்கு வந்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் துண்டு, காணாமல் போனோர் அலுவலகத்தின் இலக்கம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொலித்தீனில். இடம்பெயர்ந்த காலத்தில் பழகியதாம், மழை நனையாமல். எழுத வாசிக்க அவ்வளவு தெரியாத மனிசி, எது எந்த வருடத்துக் கடதாசி என்று தொட்டுப் பார்த்தே சொன்னார். காணாமல் போனவரை முன்னிறுத்தக் கேட்டு வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான். பதினாறு வருடம் கழித்தும் இராணுவத்திடம் கேள்வி கேட்க முடிகிறதென்றால், இந்தத் தாய்மார் துண்டுகளை எறியாமல் வைத்திருந்ததால்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் இருப்பேன். வரும்போது அடையாள அட்டை, 17ஆம் திகதி தந்த கடதாசியின் மூலப்பிரதி, 19ஆம் திகதி அழைப்பு வந்த இலக்கமும் நேரமும் தெரிகிற மாதிரி போனின் படம், வங்கி ரசீது, படங்கள் பதினான்கு, இவை வேண்டும். கணவரையும் கூட்டிவாருங்கள், மரத்தடியில் இருந்தபடி யார் உள்ளே போனார் வந்தார் என்று பார்த்தவர் அவர்தான், அவருடைய சத்தியக்கடதாசியும் தேவைப்படும். மூலப்பிரதியைப் பிரதி எடுக்கவென்று கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், பக்கத்தில் நின்று எடுங்கள்.